பழைய கணினியில் புதுக் குடித்தனம்

பட்டறையில் எல்லோரும் அவளைத் திருப்புளி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் நாத்தனார். கல்யாணமாகி வந்த புதிதில், மாமனாரின் தோல் தைக்கும் இயந்திரம் மக்கர் பண்ணி நின்றபோது, புது மருமகள் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் மூடியைக் கழற்றினாள். உள்ளே சிக்கியிருந்த நூல்சிண்டை எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடி மூடி, மிதித்துக் காட்டினாள். நாத்தனார் கேலியாகத்தான் அந்தப் பெயரை வைத்தார். அவளோ பட்டம் கொடுத்தது மாதிரி வாங்கிக்கொண்டாள்.

மாமனார் போன பிறகு பட்டறை மூன்று பேர் கையில் இருந்தது. அளவெடுப்பதும் அச்சைத் தேய்த்து முடிப்பதும் நாத்தனார். தோல் வெட்டித் தைப்பது திருப்புளியின் கணவன். இயந்திரங்களும் கணினியும் அவள் பொறுப்பு. கடையில் வாங்கும் காலணி சேராத கால்களுக்குத்தான் அங்கே காலணி செய்தார்கள். ஒரு பக்கம் குட்டையாகிப்போன கால், விரல் எடுத்த கால், எலும்பு கோணலாகக் கூடிய கால். எந்தக் காலானாலும் முதலில் அதே வடிவத்தில் ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சை மஞ்சள் நுரைக்கட்டையிலிருந்து செதுக்கித் தரும் இயந்திரம் பின்னறையில் நின்றது. அதோடு கூடவே வந்த கணினி அதன் பக்கத்தில்.

கணினிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை அட்டை இருந்தது. இயந்திரத்தோடு பேசுவது அந்த அட்டைதான். ஆனால் அதற்குப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைத்தான் தெரியும். புதியதை ஏற்றினால் வாயை இறுக மூடிக்கொள்ளும். அட்டையைச் செய்த கம்பெனியும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரர் போன் செய்தார். பட்டறைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு அந்த மருத்துவமனையிலிருந்துதான்.

"அடுத்த மாசத்துலேருந்து மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து அனுப்ப மாட்டோம்மா. காலை ஸ்கேன் எடுத்து, புது ப்ரோகிராம் வழியாத்தான் அனுப்புவோம். அதை நீங்க உங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்கணும்."

"போட்டுக்கறேன் சார்."

"எந்த சிஸ்டம் வெச்சிருக்கீங்க?"

சொன்னாள்.

"அது ரிட்டையர் ஆகி வருஷக்கணக்காச்சேம்மா. எங்க ப்ரோகிராம் புது சிஸ்டத்துலதான் ஓடும். அந்தப் புது சிஸ்டம் உங்க மெஷின்ல ஏறவே ஏறாது. அது கேக்கற பாதுகாப்பு சிப்பு உங்ககிட்ட இருக்காது. அது மட்டுமில்ல, பழைய சிஸ்டம் எதுவும் எங்க நெட்வொர்க் பக்கம் தலைகாட்டக் கூடாது. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

"புதுசு வாங்கினா செதுக்கற மெஷின் அதோட பேசாதே."

"அதையும் புதுசா வாங்கிடுங்க," என்று வெகு சுலபமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "நல்லதாப் போச்சு," என்றார். மருத்துவமனையிலேயே புதிதாகக் காலணிப் பிரிவு ஒன்று ஆரம்பித்து, அவரை வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "காலைல போனோமா, சாயங்காலம் வந்தோமான்னு இருக்கலாம். ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டுக் கிடக்க வேண்டாம். இந்த மெஷினைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் மல்லுக்கட்டறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நுரைத்தூசி அவருடைய தொண்டையில் குடியேறிவிட்டிருந்தது. ஆனாலும் திருப்புளிக்கு அந்த நியாயம் பாதிதான் சரியாகப் பட்டது.

"அக்கா, பழசையும் விட வேண்டாம், புதுசும் வாங்க வேண்டாம். இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் வைக்கிறேன்."

"உள்ளே எங்கே இடம் இருக்கு?"

"இடமே வேண்டாம். நிஜத்துல அது கிடையாது. கம்ப்யூட்டர் மாதிரி ஒரு ப்ரோகிராம் நடிக்கும். புது சிஸ்டம் அதை நிஜம்னு நம்பி உள்ள உக்காந்துக்கும். வெர்ச்சுவல் மெஷின்னு பேரு. நம்மகிட்ட இல்லாத சிப்பைக் கூட இருக்குன்னு சொல்லிச் சமாளிச்சுடும். வெளியே பழசு பழசாவே இருக்கும், செதுக்கற மெஷினோட பேசிக்கிட்டு."

நாத்தனார் எழுந்து போய், பெயின்ட் தேய்ந்த அந்தக் கணினியை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ இது மாசமா இருக்கப் போகுது. இந்த வயசுல."

"டாக்டர் ஒத்துக்கிட்டாரா?" என்றான் கணவன், வெட்டிக்கொண்டிருந்த தோலிலிருந்து தலை தூக்காமல்.

"நீங்க யார் பக்கம்?" என்று அவனைக் கேட்டாள்.

"நான் தோலை வெட்டறவன். உங்க ரெண்டு பேர் பேச்சுல குறுக்கே வெட்ட மாட்டேன்."

நாத்தனார் மறுபடி உப்புத்தாளை எடுத்தார். "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கறேன். அதுக்குள்ள ஆகலைன்னா ஆஸ்பத்திரிக்குச் சரின்னு சொல்லிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"ஆயிடும்க்கா," என்றாள் திருப்புளி. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அது நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. எப்படி என்பதில்தான் இன்னும் கொஞ்சம் பாக்கி.

முதல் வேலையாகப் பழைய ஹார்ட் டிஸ்க் வட்டில் இருந்ததையெல்லாம் அப்படியே இன்னொன்றில் நகல் எடுத்தாள். என்ன ஆனாலும் நேற்றைய கணினி திரும்பக் கிடைத்துவிடும். பிறகு நடிக்கும் ப்ரோகிராமை இறக்கிப் போட்டாள். அது முதல் கேள்வியிலேயே கையை விரித்தது. இந்தக் கணினியால் முடியாது என்று சொன்னது. அவள் நம்பவில்லை. கணினியை அணைத்து, திரும்ப எழும் நேரத்தில் விசையை அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும், யாரும் எட்டிப் பார்க்காத நீலத் திரைக்குள் நுழைந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனாள். ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட அனுமதிக்கும் வரி, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலிருந்தே அணைந்து கிடந்தது. அதற்கு முடியாமல் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். திறந்துவிட்டாள்.

அடுத்த சங்கடம் நினைவகம். இருந்தது ஒருவருக்கே அளவான சாப்பாடு. இப்போது இரண்டு வயிறு. அவளுடைய தம்பி வீட்டுப் பரணில், அவன் ஒரு காலத்தில் விளையாடித் தீர்த்த கணினி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் அதைத் திறந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அதுல என் நினைவெல்லாம் இருக்கு," என்றான் தம்பி.

"எனக்கும் நினைவகம்தான்டா வேணும்," என்று சொல்லிக்கொண்டே அதிலிருந்த இரண்டு நினைவகப் பட்டைகளையும் உருவினாள். பக்கத்தில் இருந்த வேகமான வட்டையும் விடவில்லை. தம்பி அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்துத் தன் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் புதிய சிஸ்டத்தை ஏற்றினாள். பாதுகாப்பு சிப்பு இருக்கிறதா என்று அது கேட்டது. இருக்கிறது என்று ப்ரோகிராம் கூசாமல் பதில் சொன்னது. புது சிஸ்டம் நம்பிக்கொண்டது. பழைய திரைக்கு நடுவே ஒரு ஜன்னல் திறந்து, அதற்குள் பளபளவென்று புதுத்திரை ஒன்று எழுந்து, அவளைப் பெயர் சொல்லி வரவேற்றது. திருப்புளி நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

நாத்தனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பழைய வீட்டு மாடியில புதுசா குடித்தனம் வந்திருக்காப்பல இருக்கு. ரொம்பத்தான் மினுக்கறா."

அன்றிலிருந்து உள்ளே இருந்தவளுக்கு மாடிக்காரி என்று பெயர் ஆயிற்று.

மாடிக்காரி இரண்டே நாளில் தன் குணத்தைக் காட்டினாள். புதன்கிழமை ஒரு பள்ளி ஆசிரியைக்கு அச்சு செதுக்கிக்கொண்டிருந்தது இயந்திரம். கூடவே திருப்புளி மாடியில் மருத்துவமனையின் ப்ரோகிராமைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக்காரி யாரையும் கேட்காமல் என்னென்னவோ புதுப்பிப்புகளை இறக்க ஆரம்பித்தாள். இருந்த நினைவகத்தையெல்லாம் வாரிக்கொண்டாள். அம்புக்குறி நின்றது, கணினி உறைந்தது. அடுத்து எங்கே போவது என்று சொல்ல ஆளில்லாமல் செதுக்கும் முனை ஒரே இடத்தில் நின்று சுழன்றது. நுரை கருகும் வாசனை வந்த பிறகுதான் திருப்புளி ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள்.

நாத்தனார் கட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குதிகாலில் ஒரு விரல் போகும் ஆழத்துக்குக் குழி.

"இது குதிகாலா, கிணறா?"

திருப்புளி குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கு அந்த டீச்சர் வருவாங்க. என்னடி சொல்றது அவங்ககிட்ட? மாடிக்குக் குடி வெச்சோம், கூரை இடிஞ்சு விழுந்துதுன்னு சொல்லவா?" இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

"தப்பு என்னுதுதான்க்கா. இப்பவே வேற கட்டை போடறேன்."

மாடியை முழுக்க மூடிவிட்டு, புதுக் கட்டையைப் பொருத்தி, அது முடியும்வரை நின்றபடியே காத்திருந்தாள். அந்த நேரத்தில் மனதுக்குள் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டாள். யோசனையில் கோளாறு இல்லை. பங்கு பிரித்ததில்தான் கோளாறு. வந்த விருந்தாளிக்குச் சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். மாடிக்காரிக்கு இவ்வளவுதான் நினைவகம் என்று அளந்து ஒதுக்கினாள். நிழல், மினுக்கல், வழுக்கிக்கொண்டு திறக்கும் ஜன்னல் எல்லாவற்றையும் அணைத்தாள். அலங்காரம் குறைந்ததும் மாடிக்காரி இரண்டு மடங்கு சுறுசுறுப்பானாள். புதுப்பிப்புகளைத் திருப்புளி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே செதுக்கும் ப்ரோகிராம் திறந்த உடனே மாடிக்காரி இருந்தது இருந்தபடி தூங்கிவிட வேண்டும், வேலை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து விழிக்க வேண்டும் என்று ஒரு சின்னக் கட்டளை எழுதி வைத்தாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் எத்தனையோ அச்சு செதுக்கியும் கணினி ஒரு தடவை கூட மூச்சு வாங்கவில்லை.

மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரர் நேரில் வந்து பார்த்தால்தான் அனுமதி கொடுப்பேன் என்றிருந்தார். வந்தார். கணினியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி வாசலிலேயே நின்றார்.

"இதுலயா ஓடுது?"

"உக்காருங்க சார்."

ஜன்னலைத் திறந்தாள். அவருடைய ப்ரோகிராம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அங்கே இங்கே அழுத்திப் பார்த்தார். பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அதெல்லாம் சரி. கீழே பழைய சிஸ்டம் இருக்கே. அது எங்க நெட்வொர்க்குக்கு வந்துடுமே," என்றார்.

"வராது. இணையக் கம்பி மாடிக்கு மட்டும்தான் போகுது. கீழே இருக்கறவருக்கு வெளியுலகத்துல அட்ரஸே கிடையாது. நீங்களே தேடிப் பாருங்க."

அவர் தன் மடிக்கணினியை எடுத்துத் தேடினார். புதிய சிஸ்டம் ஒன்றுதான் அகப்பட்டது. வேறு விதமாகத் தேடினார், அப்போதும் அதுவே. மடிக்கணினியை மூடிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிச் செஞ்சீங்கன்னு கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க. எங்க லேப்லயும் இதே மாதிரி ஒரு கிழம் இருக்கு. தூக்கிப் போடவும் முடியல, வெச்சுக்கவும் முடியல."

அனுமதி கிடைத்தது. முதல் வேலையும் அடுத்த மாதத்துக்குக் காத்திராமல் உடனே வந்தது. ஒரு பஸ் டிரைவர். பணிமனையில் ஜாக்கி வழுக்கி இடது கால் நசுங்கி, எலும்பு ஒரு மாதிரியாகக் கூடியிருந்தது. இடது கால்தான் கிளட்ச் மிதிக்கும் கால். அவரைப் பணிமனை வாசலில் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சோதனை. ஏற்றத்தில் பஸ்ஸை நிறுத்தி எடுத்துக் காட்டினால் வண்டி திரும்பக் கிடைக்கும்.

"வாசல்ல நின்னுக்கிட்டு மத்தவங்க ஓட்டிட்டுப் போற பஸ்ஸுக்கு டாட்டா காட்டிட்டிருக்கேன்மா," என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்கேன் மாடியில் வந்து இறங்கியது. திருப்புளி அதைக் கீழே இறக்கி, நீளம், அகலம், குதிகால், மேற்புறம் எல்லாவற்றையும் மருத்துவமனை அளவோடு ஒத்துப் பார்த்தாள். மயிரிழை பிசகவில்லை. செதுக்கி எடுத்து, சுடச்சுட நாத்தனாரிடம் கொடுத்தாள். அவர் வழக்கம்போலக் கட்டைவிரலால் அச்சின் உட்குழிவைத் தடவிக்கொண்டு போனார். விரல் நடுவழியில் நின்றது.

"டிரைவருக்கு எந்தக் கால்?"

"இடது."

"இது வலது."

"அளவெல்லாம் சரியா இருக்கேக்கா."

"இருக்கும். கண்ணாடியில பார்த்தா என் மூக்கும் இதே அளவுதான்."

திருப்புளி அச்சை வாங்கிப் பார்த்தாள். சின்னக் குழந்தை கூடச் சொல்லிவிடும், அது வலது கால். காது மடல் வரைக்கும் சூடேறியது. ஆனால் அந்தச் சூடு இறங்குவதற்குள்ளேயே அவள் கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. மருத்துவமனையின் ப்ரோகிராமில் 'க' என்று ஓர் எழுத்தை வரைந்து, கீழே இறக்கி, ஒரு துண்டுக் கட்டையில் செதுக்கினாள். எழுத்து இடம் வலமாகப் புரண்டு வந்தது. மருத்துவமனையில் காலைக் கண்ணாடி மேல் நிற்க வைத்து அடியிலிருந்து பார்க்கிறார்கள். பட்டறையின் ப்ரோகிராம் காலை மேலிருந்து பார்த்துப் பழகியது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான்; மாடிப்படியில் இறங்கும்போதுதான் கால் புரண்டுகொள்கிறது. கீழே இறக்கும் இடத்திலேயே ஒரு தடவை புரட்டிவிடச் சொல்லி வைத்தாள். மறுபடி 'க' செதுக்கினாள்.

நாத்தனார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பாஸ். ரெண்டாவது தடவை எழுதி பாஸ்."

இடது கால் இடது காலாகவே வந்தது. அதை வைத்துக்கொண்டு நாத்தனார் டிரைவரை வரச்சொல்லி, தரையில் உட்கார்ந்து, அவருடைய பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"கிளட்சை மிதிக்கற மாதிரி மிதிங்க."

"உங்க கையிலயா? வேண்டாம்மா."

"மிதிங்கன்னு சொல்றேன்ல."

அவர் தயங்கித் தயங்கி மிதித்தார். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு அந்த அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்த்தார். எழுந்து வந்து திருப்புளியிடம், "நிக்கற காலை ஸ்கேன் எடுத்து அனுப்பியிருக்காங்க. இவரு நின்னுக்கிட்டா பஸ் ஓட்டறாரு? மிதிக்கும்போது சுண்டுவிரல் பக்கம் சாயறது இதுல எங்கே இருக்கு?" என்றார். அச்சில் அந்த இடத்தை ஒரு நெல் அளவுக்குத் தேய்த்து, எதிர்ப்பக்கம் மெத்தை வைக்கச் சொன்னார். திருப்புளியின் கணவன் இரண்டு நாள் தலை நிமிராமல் தைத்து முடித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பஸ் வந்து நின்றது. காலியாகத்தான் வந்தது. டிரைவர் சீருடையில் இறங்கி, படியில் இடது காலை முதலில் வைத்து ஏறி உள்ளே வந்தார்.

"பெரிய ஏத்தத்துல நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தினேன். எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன்," என்றார். "பக்கத்துல இன்ஸ்பெக்டர் டீ வெச்சிருந்தாரு. ததும்பல."

பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. அவர் அவசரப்படாமல் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய் வண்டியை எடுத்தார்.

மாசக் கடைசியில், கணக்காகச் சாப்பாட்டு வேளையில், நாத்தனார் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குச் சரின்னு சொல்லிட்டேன்."

திருப்புளியின் கை தட்டிலேயே நின்றது. "அக்கா, எல்லாம்தான் ஆயிடுச்சே. நீங்க சொன்ன கெடுவுக்குள்ளயே ஆயிடுச்சு."

"ஆயிடுச்சு. நல்லாவே ஆயிடுச்சு. அதனாலதான் போறேன்." அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "காலைல மட்டும். அங்கே ஸ்கேன் எடுக்கற ஆளுக்குக் கண்ணாடி தெரியுது, கால் தெரியல. நானே எடுக்கறேன்னு சொல்லிட்டேன். மத்தியானத்துக்கு மேல இங்கே வந்து முடிக்கிற வேலை. தூசியும் பாதிதான். நான் அந்த முனையில இருந்தா உனக்கு இந்த முனையில நிம்மதி."

"எனக்கா நிம்மதி?"

"சரி, எனக்கு நிம்மதி."

கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இனிமே ரெண்டு இடத்துலேருந்து எனக்குத் திட்டு விழும்," என்றான். அவனை யாரும் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை மாடிக்காரியைத் திறந்தபோது நாத்தனார் அனுப்பிய முதல் ஸ்கேன் வந்து காத்திருந்தது. ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் கால். குறிப்புக்கான கட்டத்தில், ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்திருக்க வேண்டும், இரண்டே வரி: பெருவிரல் பக்கம் தாராளமாக விடு. வளருகிற பிள்ளை.

எவ்வளவு தாராளம் என்று திருப்புளி பதில் எழுதினாள். எழுதி முடித்த கையோடு போன் அடித்தது.

"தாராளம்னா என்னன்னு கூடவாடி உனக்குச் சொல்லணும்?" என்றார் நாத்தனார். பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது.

"நம்பராச் சொல்லுங்கக்கா. மெஷினுக்குத் தாராளம் புரியாது."

"அதுக்குப் புரியாது. உனக்குப் புரியும். செதுக்கி வை, மத்தியானம் வந்து பார்க்கறேன்."

திருப்புளி பெருவிரல் பக்கத்தைத் தன் மனசுக்குச் சரியென்று பட்ட அளவுக்கு விரித்தாள். கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு துளி விரித்தாள். புதுக் கட்டையைப் பொருத்தி இயந்திரத்தை முடுக்கினாள். மாடியில் ஜன்னல் தானாக இருண்டது. கீழே மஞ்சள் தூள் பறக்கத் தொடங்கியது.